373 கேட்டேன், 374 வந்தது: 8085 பலகையோடு மூன்று வாரம்

8085 என்ற எட்டு பிட் நுண்செயலியை வைத்து நான் இணைத்த, மூன்று வாரமாக ஆட்டம் காட்டிய பலகை நேற்றிரவுதான் ஆணைகளை வரிசை பிசகாமல் கொணரத் தொடங்கியது. எனவே கோத்தகிரியின் ஐப்பசி மூடுபனியின்மேல் நான் சுமத்திவந்த பழியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஈரத்தில் பிரெட்போர்டின் (பற்றவைக்காமல் சில்லுகளையும் கம்பிகளையும் செருகும் பலகை) துளைகள் களிம்பேறிவிட்டன என்று நம்பி, பலகையைக் கணப்புச் சட்டியருகே மூன்று இரவு உலர்த்தியதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

செயலி கேட்கும் 16 பிட் நினைவக முகவரியின் கீழ் எட்டு பிட்டுகளும் தரவும் ஒரே கம்பிகளில் மாறி மாறி வருவதால், கம்பிகளில் இப்போது இருப்பது முகவரி என்று செயலி காட்டும் ஏ.எல்.இ. சமிக்ஞை தாழும் கணத்தில், அந்த முகவரியை லாட்ச் என்னும் தனிச் சில்லு பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது தெரிந்ததே. என் சிக்கல் அங்கேதான் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க, தரவுக் கம்பிகள் எட்டையும் மின்தடைகள் வழியே தரையிறக்கி, செயலி எதைப் படித்தாலும் 00, அதாவது எதுவும் செய்யாத நோப் ஆணை மட்டுமே கிடைக்கும்படி செய்தேன். 2 மெகாஹெர்ட்ஸ் படிகத்தில் உள்கடிகாரம் 1 மெகாஹெர்ட்ஸ். ஒரு நோப்புக்கு 4 துடிப்பு வீதம் 65,536 முகவரிகளையும் சுற்றிவர 0.26 நொடி ஆகும். முகவரியின் உச்ச பிட்டைக் காட்டி, சுற்றுக்கு ஒருமுறை மினுக்கும் ஏ15 விளக்கு நொடிக்கு நான்கு முறைக்குச் சற்றுக் குறைவாக மினுக்கியதால், அடுத்த ஆணையின் முகவரியை வைத்திருக்கும் நிரல் எண்ணி ஒழுங்காகவே ஏறுகிறது என்று தெரிந்தது. பிறகு செயலியின் ரெடி என்ற இணைப்புக் காலைத் தாழ்த்தி, அதைக் காத்திருக்கவைத்து, ஒவ்வோர் ஆணையாக நிறுத்திப் பார்த்தபோது, லாட்ச் காட்டிய கீழ் பைட்டு சில சமயம் சரியாகவும் சில சமயம் வெறும் சுழியாகவும் இருந்தது.

பூதக்கண்ணாடியில் பார்த்தால், 373 வகை லாட்ச் என்று வாங்கிய சில்லின் முதுகில் மங்கலாக 374. முன்னது ஏ.எல்.இ. உயர்ந்திருக்கும்வரை திறந்திருந்து, தாழும்போது மூடிக்கொள்ளும். பின்னதோ உயரும் விளிம்பிலேயே, முகவரி கம்பிக்கு முழுதாக வந்துசேருமுன், இருப்பதைப் பிடித்துவிடும். கால் வரிசை இரண்டுக்கும் ஒன்றே என்பதால் இணைப்பை எத்தனை முறை சரிபார்த்தும் பயனில்லை. கோவையில் விற்ற கடைக்காரர், "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்றார். வாங்கிய நான்குமே அப்படித்தான். சரியான சில்லு சென்னை ரிச்சி தெருவிலிருந்து அஞ்சலில் வந்தது.

3E 05, 06 07, 80 என்ற பதினாறடிமான எண்களில் ஐந்தையும் ஏழையும் கூட்டும் நிரலை எழுதி வைத்திருக்கிறேன். செயலி விடையை வைக்கும் திரட்டியில் 0C, அதாவது 12, வந்ததா என்று பார்க்க வெளியீட்டு வாயில்தான் இன்னும் இல்லை. எழுதும் சமிக்ஞை மீண்டும் உயரும் விளிம்பில் தரவு உறுதியாக நிற்பதால், அந்த வாயிலுக்கு ஏற்றது 374 தான். நான்கு கைவசம் இருக்கின்றன.