தம்பியின் பெயரில் இருந்த சிம்

2024 தீபாவளிக்குத் தம்பி லீவில் வந்திருந்தான். கொழும்பு புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் வேலை. பண்டிகை முடிந்து சில நாளில், ஒரு காலை நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வாசலில் பொலிஸ் ஜீப் வந்து நின்றது. ஒரு பெண்ணின் அந்தரங்கப் படத்தை அவளுடைய சொந்தக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பி, பணமும் கேட்டு மிரட்டியிருக்கிறார்கள். அந்த நம்பர் தம்பியின் அடையாள அட்டையில் எடுத்தது.

அம்மா கொழுந்து பறிக்க மலையில் இருந்தார். அவருக்குச் செய்தி போவதற்குள் தம்பியையும் அவன் போனையும் கொண்டுபோய்விட்டார்கள்.

இப்படி ஒரு குற்றச்சாட்டு வந்தால் எங்கே போய் யாரைக் கேட்பது என்று நம் தோட்டங்களில் பலருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. வெட்கத்தில் யாரிடமும் கேட்கவும் முடியாது. அதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதல் நாளில்தான் பெரிய தவறு நடந்தது. வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதினார்கள். தம்பி கடையில் பழகிய சிங்களம் பேசுவான், வாசிக்கத் தெரியாது. "அந்த நம்பர் என் பெயரில எடுத்தது" என்று அவன் சொன்னது, "அந்த நம்பர் என்னுடையது, நான் பாவிப்பது" என்று எழுதப்பட்டிருந்தது. கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டுவிட்டான். 1987இல் வந்த இலங்கை அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழிதான். தமிழில் எழுதுங்கள், அல்லது தமிழில் வாசித்துக் காட்டுங்கள் என்று கேட்க அவனுக்கு உரிமை இருந்தது. பொலிஸ் நிலையத்துக்குள் சட்டத்தரணி வந்து பேசவும் 2012இலிருந்து விதிகள் இருக்கின்றன. அன்று எங்களில் ஒருவருக்கும் இது தெரியவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

கைது செய்தவரை 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் கொண்டுவர வேண்டும். மறுநாள் கொண்டுவந்தார்கள். எங்களுக்காகப் பேச ஆளில்லை. விளக்கமறியலில், அதாவது விசாரணை முடியுமுன்னே சிறையில் வைத்தார்கள்.

நீதிமன்ற வாசலில் நின்ற ஒருவர், ஐம்பதாயிரம் கொடுத்தால் அடுத்த வழக்குத் தவணையிலேயே வெளியே எடுத்துத் தருவதாகச் சொன்னார். அப்போது 1350 ரூபாய் நாட்சம்பளம் வாங்கிய அம்மா காதுத் தோட்டை அடகு வைக்கத் தயாராகிவிட்டார். நல்லவேளை, எங்கள் பள்ளிக்கூட அதிபர் தடுத்து, சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போகச் சொன்னார். 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த அரச நிறுவனம் அது. வருமானம் குறைந்தவர்களுக்குச் சட்டத்தரணியை ஒழுங்குசெய்து தருகிறார்கள். கிராம உத்தியோகத்தரிடம் வாங்கிய கடிதத்தோடும் அம்மாவின் சம்பளத் துண்டோடும் போனேன்.

அங்கே எங்களுக்குக் கிடைத்த லோயர் மிஸ் முதலில் கேட்டது, "தம்பி செஞ்சாரா இல்லையா" என்பதல்ல. "வீட்டிலிருந்து யாராவது அந்தப் பிள்ளையோட பேசினீங்களா?" என்றுதான் கேட்டார். அன்று மாலையே பெரியப்பாவும் தோட்டத் தலைவரும் அந்தப் பெண்ணின் வீட்டுக்குச் சமாதானம் பேசப் போவதாக இருந்தார்கள். சொன்னேன். "ஒருத்தரும் போகக் கூடாது டீச்சர். போனா அது மிரட்டல்னு ஆயிடும்" என்றார். சாட்சிகளையும் பாதிக்கப்பட்டவர்களையும் பாதுகாக்கும் 2023ஆம் ஆண்டு 10ஆம் இலக்கச் சட்டத்தின்படி, சாட்சியை மிரட்டுவது தனிக் குற்றம். அப்புறம் அவர் சொன்னதுதான் என் மனதில் நின்றது. "அந்தப் பிள்ளைக்கு அநியாயம் நடந்தது உண்மை. அதைச் செய்தது உங்க தம்பி இல்லைன்னு காட்டுறதுதான் நம்ம வேலை." பெரியப்பாவுக்குக் கோபம். மானம் போகிறதே என்றார். அவரை நிறுத்திவைக்க நானும் அம்மாவும் பட்ட பாடு கொஞ்சமல்ல.

சித்தி மகனுக்குத் தம்பியின் பாஸ்வேர்ட் தெரியும். எல்லாவற்றையும் அழித்துவிடலாம் என்று கிளம்பினான். அதையும் தடுத்தோம். அழித்திருந்தால் எங்கள் பக்கத்துச் சான்றும் சேர்ந்து போயிருக்கும்.

ஒன்பதாம் நாள் பிணை கிடைத்தது. பிணை கொடுப்பதுதான் விதி, மறுப்பது விதிவிலக்கு என்கிறது 1997ஆம் ஆண்டுப் பிணைச் சட்டம். நிலம் இல்லாத நமக்குப் பிணையாட்கள் கிடைப்பதுதான் கஷ்டம். அதிபரும் என்னோடு படிப்பிக்கும் ஓர் ஆசிரியையும் சரீரப் பிணைக்கு, அதாவது தாங்களே பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வந்தார்கள். அவர்களை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

வழக்கைத் திருப்பியது ஒரு அட்டைப் பெட்டி. அந்த சிம்மைத் தம்பி எடுத்தது தன்னோடு கடையில் வேலை செய்த ஒரு பையனுக்காக. பிறப்பைப் பதியாததால் அந்தப் பையனுக்கு அடையாள அட்டையே இல்லை; நம் தோட்டங்களில் இப்படி எத்தனை பிள்ளைகள்! ஆனால் இதைச் சொன்னால் யார் நம்புவார்கள்? லோயர் மிஸ்தான் விளக்கினார். ஒவ்வொரு போனுக்கும் ஐ.எம்.இ.ஐ. என்று 15 இலக்க எண் உண்டு. எந்த சிம் எந்தப் போனில் ஓடியது என்பது தொலைபேசிக் கம்பெனியின் பதிவில் இருக்கும். தம்பியின் போன் வந்த பெட்டியில் அம்மா ஊசி நூல் போட்டு வைத்திருந்தார். அதன் பக்கத்தில் அந்த எண் ஒட்டியிருந்தது. கம்பெனியின் பதிவைப் பெறும்படி பொலிஸாருக்கு உத்தரவிடுமாறு லோயர் மிஸ் நீதிமன்றத்தைக் கேட்டார். அதோடு, வாக்குமூலத்தில் இருந்த பிழையைச் சொல்லி, தமிழில் மேலதிக வாக்குமூலம் கொடுக்கவும் ஏற்பாடு செய்தார்.

அப்புறம் காத்திருப்புத்தான். தவணை, தவணை, தவணை. ஒவ்வொரு தவணைக்கும் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு வாங்கினோம். தம்பிக்குக் கடை வேலை போனது. லயத்தில் தண்ணீர் பீலியடியில் அம்மா போய் நின்றால் பேச்சு நின்றுவிடும். தம்பி இரவில் தூங்க மாட்டான். அவனைத் தனியாக விடாமல் பார்த்துக்கொள்வதே எனக்கு இன்னொரு வழக்காக இருந்தது. இதை யாரும் லேசாக எடுக்காதீர்கள். குற்றம் செய்யாத பிள்ளை இந்த அவமானத்தில் என்ன முடிவும் எடுக்கக்கூடும்.

பதிவு வந்தபோது, அந்த சிம் ஒரு நாள்கூடத் தம்பியின் போனில் ஓடியிருக்கவில்லை. அந்தப் பையன் போனை சிம்மோடு வேறொருவருக்கு விற்றதும் விசாரணையில் வெளிவந்தது. 14 மாதங்களுக்குப் பிறகு நீதவான் தம்பியை விடுவித்தார். விசாரணை வேறு திசையில் தொடர்வதால் அதைப் பற்றி நான் எழுத மாட்டேன்.

அன்று நீதிமன்றத்தில் அந்தப் பெண்ணும் தன் அம்மாவோடு வந்திருந்தாள். தம்பியின் வயதுதான் இருக்கும். நாங்கள் பேசவில்லை. வெளியே மழை, பஸ் வரும்வரை ஒரே கூரைக்குக் கீழே நின்றோம்.

தம்பியின் போன் இன்னும் நீதிமன்றப் பொறுப்பில் இருக்கிறது. திருப்பிக் கேட்டு விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம். பெட்டியை அம்மா பத்திரமாக வைத்திருக்கிறார்.