அலாரம் வேண்டாம், அடியை எண்ணினால் போதும்

ஆஸ்துமா கிளினிக்குக்கு வரும் பதின்வயதுப் பிள்ளைகள் சிலரின் போனில் ஆஸ்துமா ஆப் ஏற்கெனவே இருக்கும். திறந்து பார்த்தால் முதல் பத்து நாள் பச்சை டிக், அப்புறம் வெறும் கட்டங்கள். வேறு சிலரிடம் மாதம் முழுக்க டிக் இருக்கும். ஆனால் 120 அடிப் பம்பின் (ஒரு முறை அழுத்தினால் ஓர் அடி) பின்புறத்தில் மீதியைக் காட்டும் எண் 96-இல் நிற்கும். அலாரம் அடித்ததும் விரல் டிக்கைத் தொட்டிருக்கிறது, பம்ப் டிராயரை விட்டு வெளியே வரவில்லை.

நினைவூட்டல்தான் இந்த ஆப்களின் நோஞ்சான் பகுதி. பள்ளிக்கு போன் கொண்டுபோக முடியாது. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொந்த போனே இருக்காது. ஆப் அப்பாவின் போனில் ஏறியிருக்கும், எட்டு மணி அலாரம் அவர் கடையில் நிற்கும்போது அடிக்கும். விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன்கள் பேட்டரியை மிச்சம் பிடிக்கப் பின்னணியில் ஓடும் ஆப்களை அணைத்துவிடுவதும் உண்டு. செட்டிங்ஸில் அந்த ஆப்புக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை எடுத்துவிட வேண்டும். இந்தப் பாடெல்லாம் படுவதற்குப் பதில் தினமும் எடுக்கும் ஸ்டீராய்டு தடுப்புப் பம்பை டூத் பிரஷ் பக்கத்தில் வைத்துவிடலாம். முதலில் பம்ப், பிறகு பல் துலக்கல், வாய் கொப்பளித்துத் துப்பல். ஸ்டீராய்டு வாயில் தங்கி வெண்படலம் பிடிப்பதும் அதோடு குறையும்.

ஆப்பிடம் கொடுக்க வேண்டிய வேலை நீலப் பம்பை, அதாவது வீசிங் வந்தால் அடிக்கும் சால்பியூட்டமால் நிவாரணப் பம்பை, எண்ணுவது. நம் ஊரில் இதை மெடிக்கலில் கேட்டால் பெரும்பாலும் சீட்டு இல்லாமலே கொடுத்துவிடுவார்கள்; வருஷத்துக்கு எத்தனை வாங்கினார்கள் என்பதற்குக் கணக்கு இராது. பிரிட்டனில் ஆஸ்துமா இறப்புகளை ஆராய்ந்து 2014-இல் வெளியிட்ட தேசிய அறிக்கையில், இந்தக் கணக்கு தெரிந்த 165 பேரில் 65 பேருக்கு இறப்புக்கு முந்தைய ஓராண்டில் 12-க்கும் மேற்பட்ட நிவாரணப் பம்புகள் எழுதித் தரப்பட்டிருந்தன. அங்கே அதைத் தோண்டி எடுக்க மருந்துச்சீட்டுப் பதிவு இருந்தது. இங்கே பிள்ளையின் போனில் இருந்தால்தான் உண்டு. ஒரு நீலப் பம்பில் 200 அடி. ஆண்டுக்கு மூன்று பம்ப் தீர்ந்தாலே திடீர் மோசமடைதலுக்கான ஆபத்து கூடுகிறது என்கிறது கினா எனப்படும் உலக ஆஸ்துமா வழிகாட்டி. பிள்ளை “எப்பவாச்சும்தான் சிஸ்டர்” என்று சொல்லும். அம்மா “மாசத்துக்கு ஒண்ணு வாங்குவோம்” என்பார். மாதம் ஒன்று என்றால் நாளைக்கு ஆறேழு அடி.

பதிய வேண்டியவை இரண்டே: நீலப் பம்ப் எத்தனை அடி, இரவில் வீசிங்கால் விழித்ததா. விளையாட்டுக்கு முன் அடித்ததைத் தனியாகக் குறிக்கட்டும். அது அறிகுறிக் கணக்கில் சேராது. வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் நீலம் தேவைப்பட்டால் நோய் கட்டுக்குள் இல்லை. இருபது கேள்வி கேட்கும் ஆப்பை எந்தப் பிள்ளையும் இரண்டாம் வாரம் தொடாது.

2019-க்குப் பிறகு இன்னொரு சிக்கல். 12 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு நீலப் பம்பை மட்டும் தனியாகக் கொடுக்கும் பழக்கத்தைக் கினா கைவிட்டது. புடசொனைடும் ஃபார்மோடெராலும் கலந்த ஒரே பம்பைத் தினமும் எடுத்து, வீசிங் வரும்போதும் எடுக்கும் முறைக்கு முன்னுரிமை வந்தது. பழைய ஆப்களில் தடுப்புக்கு ஒன்று, நிவாரணத்துக்கு ஒன்று என இரண்டு கட்டங்கள். இந்தப் பிள்ளைகள் எதில் போடுவது? கூடுதலாக எடுத்ததைக் குறிப்பு எழுதும் இடத்தில் எழுதச் சொல்வதே இப்போதைக்கு வழி.

பீக் ஃப்ளோ, அதாவது மூச்சை எவ்வளவு வேகமாக ஊத முடிகிறது என்ற அளவு, பதியும் வசதி உள்ள ஆப்பில் ஒரு குழி உண்டு. மூன்று முறை ஊதி, அதிகபட்ச எண்ணைப் போட வேண்டும். சொந்த உச்ச அளவில் 80 சதவீதமும் அதற்கு மேலும் பச்சை, 50 முதல் 80 வரை மஞ்சள், அதற்குக் கீழே சிவப்பு. ஆனால் பதின்வயதில் பிள்ளை வளர்கிறது, நுரையீரலும் வளர்கிறது. உச்சம் 320 என்று போன வருஷம் பதிந்ததை மாற்றாமல் விட்டால், இன்று 270 ஊதும் பையனுக்கு ஆப் 84 சதவீதம், பச்சை என்று காட்டும். அவனுடைய இன்றைய உச்சம் 400 என்றால் அது 67.5 சதவீதம், மஞ்சள். உயரம் கூடக் கூட, உடம்பு நன்றாக இருக்கும் இரண்டு வாரம் ஊதவைத்து உச்சத்தைப் புதுப்பிக்க வேண்டும்.

பம்ப் எடுக்கும் முறையைச் சரிபார்க்க ஆப்பே தேவையில்லை, முன்கேமரா போதும். பம்ப் எடுப்பதை வீடியோ எடுத்துவரச் சொன்னால் தவறுகள் தெரிந்துவிடும்: குலுக்காதது, முதலில் மூச்சை வெளியே விடாதது, ஒரே மூச்சில் இரண்டு அடி, பத்து வினாடி அடக்காதது. பொடி மருந்தை இழுக்கும் ரோட்டாஹேலர் என்றால் கருவிக்குள்ளேயே ஊதிப் பொடியை ஈரமாக்குவது.

காற்றுத் தர ஆப்பையும் அளவோடு நம்பலாம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் ஆப் காட்டும் குறியீட்டில் நுண்துகளுக்கு 24 மணி நேரச் சராசரிதான் கணக்கு. போகி விடியலில் தெருவே புகையாக இருக்கும்போது எண் பின்தங்கியே நிற்கும். வீட்டுக்குள் எரியும் கொசுவத்தி அதில் வரவே வராது.

யார் பார்ப்பது என்பதை முதல் நாளே பேசி முடிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு அடியும் அம்மாவின் போனுக்குச் செய்தியாகப் போனால் பிள்ளை பதிவதை நிறுத்திவிடும், நீலத்தை ஒளித்து அடிக்கும். பம்பில் மாட்டும் சென்சாரும் காப்பாற்றாது; பல சென்சார்கள் அழுத்தியதை எண்ணுமே தவிர உள்ளே போனதை எண்ணாது. இரவு விழிப்பையும் சிவப்பு நிலையையும் மட்டும் வீட்டுக்குச் சொல்வது என்ற ஒப்பந்தம் ஓரளவு நிற்கிறது. 18 வயதுக்குக் கீழே பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது 2023-இன் தரவுப் பாதுகாப்புச் சட்டம். சம்மதம் கேட்கும்போதே இதையும் பேசிவிடலாம்.

வீசிங் ஏறும்போது ஆப்பைத் திறக்கத் தேவையே வரக் கூடாது. மருத்துவர் எழுதிய அவசரத் திட்டத்தைப் படமெடுத்து லாக் ஸ்க்ரீனில் வைக்கலாம்: ஸ்பேசரில் (பம்பில் மாட்டும் குழாய்) ஒவ்வோர் அடியாக எத்தனை, எவ்வளவு நேரம் பொறுப்பது, மூச்சு வாங்கிப் பேச்சு திக்கினாலோ உதடு நீலம் பூத்தாலோ 108. பள்ளிக்கு போன் போகாது என்பதால் அதே தாள் மடித்து ஐடி கார்டு உறைக்குள்.