தேன் நிறத்தில் ஒரு சொட்டு

"தம்பி, சாவியில கை வைக்காதீய!"

பேட்டை பட்டறையில் அண்ணாச்சி போட்ட சத்தத்தில் கையை எடுத்துவிட்டேன். அப்பாவின் அம்பாசடர். இன்ஜின் பிரித்து வேலை பார்த்து இன்றுதான் முதல் ஸ்டார்ட்.

புது ஆயில் பம்ப். மாட்டும்போதே உள்ளே எண்ணெய் ஊற்றித்தான் மாட்டினார். ஆனாலும் மேலே எண்ணெய் ஏறாமல் ஓடவிட்டால் புது பேரிங் உரசிப் போகுமாம்.

4 பிளக்கையும் கழற்றிவிட்டு, செல்ஃபை விட்டு விட்டு அடித்தார். இன்ஜின் பாரமில்லாமல் சுற்றியது.

இன்ஜின் உச்சியில் இருக்கும் ராக்கர் மூடியைத் திறந்து டார்ச் அடித்துக் காத்திருந்தோம்.

ராக்கர் ஷாஃப்ட் ஓரத்தில் தேன் நிறத்தில் ஒரு சொட்டு. கசிந்து, உருண்டு, மெல்ல வழிந்தது.

"வந்துட்டுல்லா!"

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பிள்ளைக்கு முதல் வாய் சோறு ஊட்டியவர் மாதிரி.

அந்த அரை மணி நேரத்துக்கு அவர் கூலி கேட்கவே இல்லை.