ஹோலோகாஸ்ட் கற்கைக்கு நான் ஏன் காசு கொடுக்கிறேன்

ரொறன்ரோ முதியோர் இல்லங்களில் வேலை செய்யும் எங்கள் ஈழத் தமிழ்ப் பெண்கள் ஏராளம். நானும் முதியோரைப் பராமரிக்கும் பி.எஸ்.டபிள்யூ படிப்பை முடித்துவிட்டுப் பாதர்ஸ்ட் வீதியின் வடக்குப் பக்கம் ஓர் இல்லத்தில் சேர்ந்தேன். அங்கே இருந்தவர்களில் பலர் யூதர்கள். ஹிட்லரின் நாஜிகள் யூதர்களைக் கொன்றொழித்த ஹோலோகாஸ்டில் தப்பி, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கனடாவுக்கு வந்த ஏறத்தாழ 40,000 பேரில் அவர்களும் அடக்கம்.

தொடக்கத்திலேயே எங்களுக்குச் சில விஷயங்கள் சொல்லித் தந்தார்கள். ஷவருக்கு வரச்சொல்லி அவசரப்படுத்தக் கூடாது. மருந்துக்கு வரிசையில் நிற்க வைக்கக் கூடாது. மறதி நோய் வந்தவர்களுக்குக் காலையில் என்ன சாப்பிட்டோம் என்பது மறந்துபோகும், நாஜிகளின் வதைமுகாம் மறக்காது. அங்கே வரிசையில் நிற்க வைத்து, ஷவர் என்று சொல்லித்தான் நச்சுவாயு அறைக்கு அனுப்பினார்கள். நான் பார்த்துக்கொண்ட ஓர் அம்மா, சாப்பாட்டு மேசையிலிருந்து பாண் துண்டை எடுத்துக் கடதாசியில் சுற்றித் தலையணைக்கு அடியில் வைப்பார். விரிப்பு மாற்றும்போது அது காய்ந்து கல்லாகக் கிடக்கும். புதுத் துண்டு ஒன்றை வைத்துவிட்டுத்தான் பழையதை எடுப்பேன். கடைசிக் காலத்தில் ஆங்கிலம் அவரைவிட்டுப் போய், கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான இத்திஷ் மட்டும் மிஞ்சியது. இரவில் எதையோ நீளமாகச் சொல்வார். எனக்கு ஒரு சொல்லும் விளங்காது. அவருடைய மகளுக்கே பாதிதான் விளங்கும்.

அந்த மகள்தான் பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு பொது விரிவுரைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அன்றைய பேச்சு, போலந்தின் வார்சா நகரில் நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த கெட்டோவைப் பற்றியது. இம்மானுவேல் ரிங்கல்புளூம் என்ற வரலாற்றாசிரியரும் அவருடைய கூட்டாளிகளும் 1940 முதல் இரகசியமாகத் தாள்களைச் சேர்த்திருக்கிறார்கள். நாட்குறிப்பு, கடிதம், பிள்ளைகளின் கட்டுரை, ரேஷன் அட்டை, மிட்டாய் சுற்றிய கடதாசி வரைக்கும். எல்லாவற்றையும் தகரப் பெட்டிகளிலும் பால் கேன்களிலும் போட்டுப் புதைத்தார்கள். ஒரு பகுதியை 1946 இலும் இன்னொன்றை 1950 இலும் தோண்டி எடுத்தார்கள். மூன்றாவது இன்னும் கிடைக்கவில்லை.

1995 இல் யாழ்ப்பாணத்தைவிட்டு வெளிக்கிட்டபோது எங்கள் அம்மாவும் காணி உறுதியையும் கலியாணப் படங்களையும் பொலித்தீனில் சுற்றி மாமரத்தடியில் தாட்டவர். 2002 இல் போய்த் தோண்டியபோது படங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, முகங்கள் அழிந்திருந்தன. அறுபது இலட்சம் யூதர்களைக் கொன்ற கொடுமையோடு எங்கள் இழப்பை நிறுத்துப் பார்க்க நான் வரவில்லை. ஆனால் அந்த மண்டபத்தில் எனக்கு அம்மாவின் கைதான் ஞாபகம் வந்தது.

கனடாவைப் பற்றியும் அங்கேதான் நிறையத் தெரிந்துகொண்டேன். 1939 இல் செயின்ட் லூயிஸ் கப்பலில் இருந்த 900க்கும் மேற்பட்ட யூத அகதிகளைக் கியூபாவும் அமெரிக்காவும் ஏற்கவில்லை, கனடாவும் ஏற்கவில்லை. திரும்பிப் போனவர்களில் 254 பேர் பிறகு கொல்லப்பட்டார்கள். நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்கப்பட்டது 2018 இல்தான். 1986 இல் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழரை மீனவர்கள் காப்பாற்றிக் கரைசேர்த்த கதை எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதற்கு முந்தைய இந்தக் கதையும் எங்கள் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும்.

"எங்கட சனத்துக்குக் குடுக்காமல் ஏன் அவைக்கு?" என்று சொந்தக்காரர் கேட்கிறார்கள். "கிபிர் வித்தவங்களுக்கோ?" என்று ஓர் அண்ணை கோபமாகவே கேட்டார். கிபிர் என்பது இலங்கை விமானப்படைக்கு இஸ்ரேல் விற்ற குண்டுவீச்சு விமானம். வன்னியில் கிபிர் சத்தம் கேட்டுப் பதுங்குகுழிக்குள் ஓடியவள் நான். விமானத்தை விற்றது ஓர் அரசு. தலையணைக்கு அடியில் பாண் ஒளித்த அம்மா அதை விற்கவில்லை. அவரைப் பற்றிய கற்கைக்குக் கொடுப்பதால் எந்த அரசுக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை.

எங்கள் சனத்துக்கும் கொடுத்திருக்கிறோம். ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் தமிழ் இருக்கைக்காக, அதாவது ஒரு நிரந்தரப் பேராசிரியர் பதவிக்காக, 30 இலட்சம் டாலர் சேர்த்தபோது நானும் என்னால் முடிந்ததைப் போட்டேன். அதே பல்கலைக்கழகத்தில் ஹோலோகாஸ்ட் கற்கைக்கு வுல்ஃப் குடும்பத்தின் பெயரில் ஓர் இருக்கை அதற்கு முன்பே இருந்தது. இப்படியான நிதியத்தில் சேர்ந்த மூலத் தொகையைத் தொடமாட்டார்கள். அது ஈட்டும் வருமானத்திலிருந்து, அந்தத் தொகையின் நான்கு வீதமளவைத்தான் ஆண்டுதோறும் செலவுக்கு எடுப்பார்கள். 25,000 டாலர் சேர்ந்தால் ஆண்டுக்கு 1,000 டாலர், ஒரு மாணவி வார்சா ஆவணக் காப்பகத்துக்குப் போக விமானச் சீட்டுக்கு உதவும்.

அந்த மாணவி முதலில் இத்திஷ் படிக்க வேண்டும். அதன் எழுத்து ஹீப்ரு. பென்சிலில் அவசரமாகக் கிறுக்கியதை வாசிக்க இன்னும் சில வருடம். தப்பி வந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். இனிமேல் அந்தத் தாள்களை வாசிப்பவர்களை நாங்கள்தான் படிப்பிக்க வேண்டும்.

நீங்களும் கொடுப்பதாக இருந்தால் ஒரு விஷயம். பல்கலைக்கழகத்தின் பொது நிதிக்கு என்று விட்டுவிடாமல், யூதக் கற்கை மாணவர் உதவித்தொகை அல்லது மொழிப் படிப்பு என்று படிவத்தில் குறிப்பிட்டு எழுதுங்கள். மாதம் பத்து டாலர் என்றாலும் சரி. வரிக்கழிவுக்கு ரசீது தருவார்கள்.