ஷின்ஜுக்குவில் நவம்பர் இரவுகள்

2024 நவம்பர் 14, வியாழன்

நாளை மாலை டோக்கியோவின் ஷின்ஜுக்குவில், கபுகிச்சோ என்னும் இரவுக் கேளிக்கைப் பகுதியில் வழிகாட்டியுடன் உணவு நடை. இருட்டில் பார்ப்பதற்கு முன் அந்தப் பகுதியைப் பகலில் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று அக்காவிடம் சொன்னேன். நிஷி கசாயில் தோசாய் ரயில் ஏறி, குதான்ஷிதாவில் மாறி, ஷின்ஜுக்குவில் இறங்கினோம். உலகில் மிக அதிகமான பயணிகள் வந்துபோகும் நிலையம் என்று கின்னஸில் இடம்பெற்றது இது. நாளொன்றுக்கு 30 லட்சத்துக்கும் மேற்பட்டோர், 200க்கும் மேற்பட்ட வாசல்கள். பல ஆண்டுகளாக டோக்கியோவில் இருக்கும் அக்காவே மேலே தொங்கும் பலகைகளைப் பார்த்துப் பார்த்துத்தான் நடந்தாள்.

மதிய உணவுக்கு நகமுராயாவுக்குப் போக வேண்டும் என்பது என் பிடிவாதம். கிழக்கு வாசலுக்கு அருகில், கட்டடத்தின் நிலவறையில் இருக்கிறது அந்த உணவகம். 1912இல் டெல்லியில் வைஸ்ராய் ஹார்டிங் மீது குண்டு வீசிய வழக்கில் தேடப்பட்ட ராஷ் பிஹாரி போஸ், 1915இல் ஜப்பானுக்குத் தப்பி வந்தார். நாடு கடத்தும் உத்தரவு வந்தபோது அவரை ஒளித்து வைத்துக் காப்பாற்றியவர்கள், அப்போது ரொட்டிக் கடையாக இருந்த நகமுராயாவை நடத்திய சோமா தம்பதியர். 1918இல் அவர்களுடைய மகள் தொஷிகோவைப் போஸ் மணந்தார். 1925இல் தொஷிகோ இளம் வயதிலேயே இறந்துபோனார். 1927இல் இதே கடையில், போஸ் கொண்டுவந்த முறையில் எலும்போடு சமைத்த கோழிக் குழம்பு சோற்றோடு பரிமாறப்பட்டது. மாவு கரைத்துக் கெட்டியாக்கிய ஆங்கிலேயர் பாணிக் கறியையே அறிந்திருந்த டோக்கியோவுக்கு நம் நாட்டுக் குழம்பு அறிமுகமானது அப்படித்தான்.

1942இல் இதே ராஷ் பிஹாரி போஸ் தலைமையேற்ற இந்திய சுதந்திர லீக்கிலும், அதன் வழியே வளர்ந்த இந்திய தேசிய ராணுவத்திலும் மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து எத்தனையோ தமிழர்கள் சேர்ந்தார்கள். சாப்பிடும்போது அந்த நினைப்பு என்னை விடவில்லை. குழம்பில் காரம் குறைவு, மணம் நிறைவு. கேட்டு வாங்கி இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டேன்.

பிறகு நடந்து ஜோகாக்கு-ஜி கோயிலுக்குப் போனோம். ஷின்ஜுக்கு இரவு வாழ்க்கைக்குப் பேர்போனது போருக்குப் பிறகு அல்ல. 1698இல் கோஷு நெடுஞ்சாலையில், அது தொடங்கும் நிஹோன்பாஷிக்கு அடுத்த தங்கல் ஊராக இது ஏற்பட்டபோதே தொடங்கிய கதை. விடுதிகளில் சோறு பரிமாறும் பெண்கள் என்ற பெயரில் ஏழைக் குடும்பங்களின் பெண்கள் விலைக்கு வாங்கப்பட்டு வேலை செய்தார்கள். அவர்கள் செத்தால் கோணியில் சுற்றி இந்தக் கோயிலில் போட்டுவிட்டுப் போவார்களாம். 1860இல் நட்ட நினைவுக்கல் ஒன்று அங்கே நிற்கிறது. எந்தச் சுற்றுலா நடையிலும் இது வருவதில்லை என்றாள் அக்கா. வர வேண்டும் என்றே நினைக்கிறேன்.

நவம்பர் 15, வெள்ளி

இரவு பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

மாலை ஆறு மணிக்குக் கிழக்கு வாசலில் கூடினோம். நானும் அக்காவும், ஆஸ்திரேலியத் தம்பதியர், தனியாக வந்த ஒரு பிரேசில் மருத்துவர். வழிகாட்டி ஐம்பது வயதைக் கடந்த பெண்மணி. இங்கேயே பிறந்து வளர்ந்தவர். முதலில் எங்களைக் கடைகள் நெருங்கிய சாலை ஒன்றில் நிறுத்திச் சொன்னார்: "ஜப்பான் சரணடைந்த ஐந்தாம் நாள், 1945 ஆகஸ்ட் 20, இங்கே ஒரு சந்தை திறந்தது. 'ஒளி ஷின்ஜுக்குவிலிருந்து' என்பது அதன் முழக்கம்." சுற்றிலும் குண்டுவீச்சில் எரிந்து கரியாகக் கிடந்த நகரத்தில், பானையும் கரண்டியும் செருப்பும் விற்ற கள்ளச் சந்தை அது. இன்று இரவு முழுவதும் நாங்கள் பார்த்த இடங்கள் பெரும்பாலும் அந்தச் சாம்பலிலிருந்து முளைத்தவை.

தண்டவாளத்துக்கு அடியில் செல்லும் குறுகிய சுரங்கப் பாதை வழியாக மேற்குப் பக்கம் போனால் ஒமொய்தே யொகொச்சோ. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய சந்து. கரிப்புகை, தொங்கும் காகித விளக்குகள், ஏழெட்டுப் பேர் மட்டும் உட்காரக்கூடிய கடைகள். இரண்டு பக்கமும் அடுப்புச் சூட்டில் கன்னம் காய்ந்தது. இறைச்சியும் மாவும் ரேஷனில் கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலத்தில், கட்டுப்பாட்டுக்குள் வராத குடலையும் ஈரலையும் வாங்கிக் கம்பியில் கோத்துச் சுட்டு விற்றார்கள். பஞ்சத்தில் கண்டுபிடித்த அந்தத் தீனியைத்தான் இன்றும் இங்கே வரிசையில் நின்று சாப்பிடுகிறார்கள்.

ஆட்டுக் குடலும் சுவரொட்டி என்னும் மண்ணீரலும் தின்று வளர்ந்த எங்கள் இருவருக்கும் தயக்கமே இல்லை. ஆஸ்திரேலியப் பெண் முதலில் யோசித்தார். இரண்டாவது குச்சியில் மனம் மாறிவிட்டார். கோழி ஈரல், இதயம், மொறுமொறுப்பான தோல், வெங்காயத்தாளோடு கோத்த தொடைக்கறி என்று வந்துகொண்டே இருந்தன. உப்பா, தாரே என்னும் இனிப்புச் சோயா குழம்பா என்று கடைக்காரர் ஒவ்வொன்றுக்கும் கேட்டார். ஈரலுக்குத் தாரே, தோலுக்கு உப்பு என்பது வழிகாட்டியின் தீர்ப்பு. நானும் அதை வழிமொழிகிறேன். விசிறியால் நெருப்பை விசிறும்போது கடைக்காரரின் கண் குச்சியை விட்டு அகலவில்லை. அரை நிமிடம் கூடினால் ஈரல் மரத்துப் போய்விடும்.

குடிக்க ஹொப்பி வாங்கினேன். 1948இல் வந்த பானம். பீர் விலை எட்டாதவர்கள் ஷோச்சு சாராயத்தில் பீர் வாசம் உள்ள இதை ஊற்றிக் குடித்தார்கள். அக்காவுக்கு ஊலாங் தேநீர். குடிக்காதவர் என்று யாரும் முகம் சுளிப்பதில்லை. ஆனால் எதாவது ஒரு பானம் வாங்கியாக வேண்டும். உட்கார்ந்ததும் கேட்காமலே ஒரு சிறு கிண்ணத்தில் ஊறவைத்த காய் வரும். அதற்கும் காசு உண்டு. இதைத் தெரியாமல் வந்து கடைக்காரரோடு சண்டை போடும் பயணிகளைப் பற்றி வழிகாட்டி வருத்தத்தோடு சொன்னார். அது இருக்கைக்கான கட்டணம் என்று எடுத்துக்கொண்டால் மனக்கசப்பு வராது. சந்தின் ஒரு பகுதி 1999இல் எரிந்து, திரும்பக் கட்டப்பட்டது என்பதையும் அங்கேதான் கேட்டேன்.

பிறகு யாசுகுனி சாலையைக் கடந்து, கபுகிச்சோவின் சிவப்பு வளைவு. கபுகி என்னும் மரபு நாடகத்துக்கு இங்கே ஓர் அரங்கு கட்டத்தான் போருக்குப் பின் திட்டமிட்டார்கள்; 1948இல் ஊர்ப்பெயரும் வைத்துவிட்டார்கள்; அரங்கு மட்டும் கடைசிவரை வரவில்லை. 1956இல் வந்த கோமா அரங்கு 2008இல் மூடப்பட்டது. அந்த இடத்தில் 2015இல் எழுந்த தொஹோ கட்டடத்தின் மாடியிலிருந்துதான் காட்ஜில்லாவின் தலை எட்டிப் பார்க்கிறது. அதன் அருகே சென்ற ஆண்டு திறந்த 225 மீட்டர் கோபுரம். பார்க்க அழகுதான், ஒளி வெள்ளம்தான். என் மனம் அதில் ஒட்டவில்லை. எந்தப் பெருநகரத்திலும் இதைக் கட்டிவிடலாம்.

தெருவில் ஒலிபெருக்கி ஓயாமல் எச்சரிக்கிறது: தெருவில் நின்று அழைப்பவர்களின் பின்னால் போகாதீர்கள். 2013 முதல் அப்படி அழைப்பதற்கு வட்டார விதியே தடை போட்டிருக்கிறது. அப்படியும் ஓர் இளைஞன் பிரேசில் மருத்துவரின் தோளருகே வந்து ஏதோ சொன்னான். வழிகாட்டி குரலை உயர்த்தாமல் நடுவில் புகுந்து நடக்க, அவன் விலகிவிட்டான். "பதில் சொல்லாதீர்கள், நிற்காதீர்கள், அவ்வளவுதான்" என்றார்.

ஓரிடத்தில் அவர் நடையைக் குறைத்தார். 2001 செப்டம்பர் 1 அதிகாலை, அங்கே இருந்த நான்கு மாடிக் கட்டடத்தில் தீப்பிடித்து 44 பேர் இறந்தார்கள். ஒற்றைப் படிக்கட்டு முழுவதும் சாமான்கள் அடைத்துக் கிடந்தன. வெளியே வர வழியில்லை. அதன் பிறகுதான் தீயணைப்புச் சட்டம் கடுமையாக்கப்பட்டது. கட்டடம் 2006இல் இடிக்கப்பட்டது. கொண்டாட்டத்துக்கு வந்தவர்களிடம் இதைச் சொல்லும் வழிகாட்டியிடம் எனக்கு மிகுந்த மரியாதை உண்டானது.

பழைய டிராம் தடத்தின் மேல் போட்ட மரநிழல் பாதை வழியாக, 'கோல்டன் கை' என்னும் சந்துப் பகுதிக்குப் போனோம். ஆறு சந்துகளில் 200க்கும் மேற்பட்ட மதுக்கடைகள்! இரண்டு மாடி மரவீடுகள், ஏணி போன்ற படிகள், ஆறு பேர் நுழைந்தால் கதவைச் சாத்த வேண்டிய அறைகள். கிழக்கு வாசல் சந்தையைக் கலைத்தபோது இங்கே விரட்டப்பட்ட கடைகள் 1958 வரை பாலியல் தொழில் நடக்கும் இடமாகவும் இருந்தன. அதைத் தடுக்கும் சட்டம் வந்த பிறகு மதுக்கடைகளாயின. எழுத்தாளர்களும் திரைப்படக்காரர்களும் விடிய விடிய வாதாடிய இடம். 1980களில் நிலவிலை வானத்தைத் தொட்டபோது, இங்கிருப்பவர்களை விரட்டத் தீ வைப்பும் நடந்தது. வாடிக்கையாளர்களே முறைவைத்து இரவுக் காவல் காத்தார்கள். குடித்துவிட்டுப் போகும் இடத்துக்காகக் கண்விழித்த அந்த மனிதர்களை நினைத்தால் நெஞ்சு நிறைகிறது. 2016இல் மறுபடியும் தீ. எரிந்த கடைகள் மறுபடியும் திறந்தன.

நாங்கள் போன கடையை ஒரு மூதாட்டி நடத்துகிறார். நுழைவுக் கட்டணம் கதவிலேயே எழுதியிருந்தது: ஆளுக்கு 800 யென். வழக்கமாக வருபவர்களுக்கு மட்டும் என்று எழுதிய கதவுகளும் உண்டு, தட்டக் கூடாது. சந்தில் அனுமதியின்றிப் படம் எடுக்கவும் கூடாது. என் கைபேசி பைக்குள்ளேயே இருந்ததால் அவருடைய முகத்தையும் கையையும் நன்றாகப் பார்க்க முடிந்தது. எந்த ஊர் என்று கேட்டார். தஞ்சாவூர், நெல் விளையும் ஊர் என்று அக்கா ஜப்பானிய மொழியில் சொன்னதும், தானும் நெல் விளையும் நீகாதாவிலிருந்து வந்தவள் என்றார். அதன் பிறகு அறுவடை, மழை, அரிசி விலை என்று பேச்சு போய்க்கொண்டே இருந்தது. நடைக்கான நேரம் முடிந்தும் யாரும் எழவில்லை. வழிகாட்டியும் எங்களை அவசரப்படுத்தவில்லை.

கடைசியாக, காய்ந்த சிறுமீன்களைக் கொதிக்கவைத்த சாற்றில் ராமென் நூடுல்ஸ். நம் நெத்திலிக் கருவாட்டின் அதே வாசம். ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தேன்.

நவம்பர் 16, சனி

காலையில் தனியாகக் கபுகிச்சோவுக்குப் போனேன். காகங்கள் குப்பைப் பைகளைக் கிழித்துக்கொண்டிருந்தன. பணியாட்கள் தண்ணீர் அடித்துத் தெருவைக் கழுவினார்கள். நேற்று விளக்கொளியில் தெரியாமல் போன ஹோஸ்ட் கிளப் விளம்பரப் பலகைகள் பகலில் கண்ணை அறைந்தன: வரிசையாக இளைஞர்களின் முகங்கள், பக்கத்தில் அவர்கள் ஈட்டிய விற்பனைத் தொகை. அவர்களோடு பேசிக் குடிக்க வரும் இளம்பெண்கள் கடனில் மூழ்கி, அதை அடைக்கப் பாலியல் தொழிலுக்குத் தள்ளப்படுவது நாடே பேசும் பிரச்சினையாகிவிட்டது. கடன் வைக்கும் வழக்கத்தை விட்டுவிடுவதாகப் பல கிளப்புகள் அறிவித்திருக்கின்றன. ஜோகாக்கு-ஜி கல்லிலிருந்து இந்தப் பலகைகளுக்கு நடந்தே வந்துவிடலாம். இதைப் பார்க்காமல் யாக்கிதோரி என்னும் அந்தக் குச்சிக் கறியை மட்டும் புகழ்ந்து எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை.

மாலையில் வீட்டில் இருந்தேன். அத்தான் ரசம் வைத்தார்.

நவம்பர் 17, ஞாயிறு

ஹனசோனோ கோயிலில் இன்று சேவல் நாள் சந்தை. பன்னிரண்டு நாள் சுழற்சியில் சேவலுக்குரிய நாள் நவம்பரில் வரும்போதெல்லாம் இது நடக்கும். இந்த ஆண்டு 5, 17, 29 என மூன்று முறை. மூன்று வரும் ஆண்டில் தீ விபத்து அதிகம் என்பது டோக்கியோவின் பழைய நம்பிக்கை. வெள்ளிக்கிழமை கேட்ட கதைகளுக்குப் பிறகு இதை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ள என்னால் முடியவில்லை. மரவீடுகள் நெருங்கிய ஊரில் அடுப்பைக் கவனி என்று ஆண்டின் கடைசியில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள அது ஒரு வழி.

கோயில் கோல்டன் கையை ஒட்டியே இருக்கிறது. நூற்றுக்கணக்கான காகித விளக்குகள் சுவர்போல் அடுக்கியிருந்தன. யாக்கிசோபா நூடுல்ஸ் வறுக்கும் எண்ணெய் மணம், மீன் வடிவ இனிப்பு சுடும் அச்சுகள். கூட்டம் அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. இங்கே வாங்க வேண்டியது மூங்கில் வாருகோல்: பொற்காசு, ஆமை, கொக்கு, நெல்மூட்டை, சிரிக்கும் பெண்முகம் எல்லாம் ஒட்டிய அலங்காரம். அதிர்ஷ்டத்தை வாரிச் சேர்க்குமாம். கடைக்காரர்கள் ஆண்டுதோறும் பழையதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதைவிடப் பெரியதாக வாங்கிப் போகிறார்கள்.

விலை பேசும் முறை என்னைக் கவர்ந்தது. வாங்குபவர் பேரம் பேசிக் குறைப்பார், விற்பவரும் குறைப்பார், பிறகு குறைத்த தொகையை வாங்குபவர் அன்பளிப்பாகக் கடைக்கே விட்டுவிடுவார். உடனே கடையில் இருப்பவர்கள் எல்லோரும் கூடி, வாங்கியவரின் தொழில் செழிக்க வேண்டும் என்று குரல் கொடுத்து, மூன்று மூன்றாகக் கைதட்டி ஒரு தட்டோடு முடிக்கிறார்கள்.

எங்களுக்கு முன்னால் மதுக்கடை நடத்தும் இருவர் தோளளவு உயர வாருகோலைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கூட்டம் தானாக வழிவிட்டது. நாங்கள் மிகச் சிறியதாக ஒன்று வாங்கினோம், அத்தானின் மளிகைக் கடைக்காக. அக்கா 500 யென் குறைத்துப் பேசி, அதைத் திருப்பிக் கொடுத்தாள். எங்களுக்கும் முழுக் கைதட்டல் கிடைத்தது.

மூன்றாவது சேவல் நாள் 29, வெள்ளி. முந்தைய இரவே கடைகள் திறந்துவிடும். எந்த ஆண்டானாலும் சேவல் நாளில் டோக்கியோவில் இருப்பவர்கள் கட்டாயம் போங்கள். 1,000 யென் நோட்டுகளாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். குறைத்த பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது சில்லறை தேடி நின்றால் பின்னால் இருப்பவர்கள் நகர முடியாது.