கலப்பின நெல் பூப்பு மரபியல்: எச்டி1 கேள்வியில் கோட்டை விடாதீர்கள்

ரிசல்ட் வந்துவிட்டது, அப்பாடா. இனி எழுதப்போகிறவர்களுக்கு: மற்றதை எப்படியும் படித்துவிடுவீர்கள், பூக்கும் காலத்தைக் கட்டுப்படுத்தும் எச்டி1 (Hd1) மரபணுவில்தான் மதிப்பெண் போகிறது.

"எச்டி1 குறும்பகலில் பூப்பைத் தூண்டும், நெடும்பகலில் தடுக்கும்" என்று எல்லோரும் ஒப்பிப்பார்கள். ஆனால் நெடும்பகலில் அது தடுப்பது ஜிஎச்டி7 (Ghd7) என்ற இன்னொரு மரபணு செயல்படும்போதுதான். ஜிஎச்டி7 செயலிழந்த வரிசையில் அதே எச்டி1 நெடும்பகலிலும் பூப்பை முடுக்கும். ஆகவே விடையைத் தொடங்குமுன் ஓரத்தில் இரண்டைக் குறித்துக்கொள்ளுங்கள்: பகல் நீளம் என்ன, ஜிஎச்டி7 உண்டா இல்லையா. இதைச் செய்தால் பாதித் தாள் தானாக அவிழும்.

உதாரணமாக, "பெற்றோர் இரண்டும் குறுகிய வயது, எஃப்1 (முதல் தலைமுறைக் கலப்பினம்) மட்டும் ஏன் பிந்துகிறது?" கலப்பின வீரியம் என்று எழுதாதீர்கள். ஒரு பெற்றோரிடம் ஜிஎச்டி7 மட்டும் செயல்படுகிறது, மற்றதிடம் எச்டி1 மட்டும். எஃப்1-இல் இரண்டும் சேர்கின்றன. நெடும்பகலில் பூப்பைத் தூண்டும் ஈஎச்டி1 மரபணு அடங்குகிறது, அதனால் பூப்புச் சமிக்ஞை தரும் எச்டி3ஏ-வும் ஆர்எஃப்டி1-உம் குறைகின்றன, கதிர் பிந்துகிறது. செயலிழந்த ஜிஎச்டி7-க்குச் சான்று கேட்டால், சீனக் கலப்பின நெல் ஷான்யூ 63-இன் தாய்வழி ஜென்ஷான் 97: அதில் ஜிஎச்டி7 மரபணுவே நீங்கிவிட்டது. "அப்படியானால் ஜிஎச்டி7-ஐ எடுத்துவிடலாமே" என்ற துணைக்கேள்வி பொறி. அது உயரத்தையும் கதிர்மணி எண்ணிக்கையையும் கூட்டுகிறது. எடுத்தால் விளைச்சலும் இறங்கும்.

விதை உற்பத்திக் கணக்கு எளிது, அவசரம்தான் கெடுக்கும். ஏ வரிசையும் (ஆண்மலடான தாய்) ஆர் வரிசையும் (மகரந்தம் தரும் தந்தை) ஒரே நேரத்தில் பூக்க வேண்டும்.

- ஏ வரிசை 90 நாளில், ஆர் வரிசை 105 நாளில் 50 சதவீதம் பூத்தால், ஆர் 15 நாள் முன்னால் விதைப்பு.
- அந்த 15 அதே பருவத்துக்கு மட்டும். ஒரு பெற்றோர் பகல் நீளத்துக்கு வசப்படுவதாக இருந்தால் பருவம் மாற இடைவெளியும் மாறும். இதைத் தனி வரியாக எழுதுங்கள்.
- நாள் கணக்கோடு இலை எண்ணிக்கையையும் சொல்லுங்கள்.
- மகரந்தம் நீடிக்க ஆர் வரிசையைச் சில நாள் இடைவெளியில் தவணையாக விதைப்பு.

எந்த வரிசை முந்துகிறது என்று அறிய, கதிர் வெளிவர ஏறத்தாழ 30 நாள் முன்பே முதன்மைத் தண்டைப் பிளந்து பார்க்க வேண்டும். முந்தும் வரிசையைத் தாமதப்படுத்த விரைவாகக் கரையும் தழைச்சத்து, பிந்தும் வரிசையை முடுக்க இலைவழி மணிச்சத்து. சில நாள் வித்தியாசத்துக்குத்தான் இது உதவும். இரண்டு வாரம் பிசகினால் வழியில்லை. ஜிப்ரலிக் அமிலம் என்ற வளர்ச்சி ஊக்கியை இங்கே இழுக்காதீர்கள்: அதன் முக்கிய வேலை ஏ வரிசையில் இலையுறைக்குள் சிக்கும் கதிரை வெளியே தள்ளுவது.