மஞ்சளும் டாலரும்

ஈரோட்டு மண்டியில் இன்று ஒரு வியாபாரி, விரலி மஞ்சளைப் படக்கென்று ஒடித்து உள்ளே நிறம் பார்த்துக்கொண்டே, “இதைப் போயி ஒரு காலத்துல படகுல கடத்துனாங்க, தெரியுமுங்களா?” என்றார்.

கடத்தல் என்றால் தங்கம்தானே ஞாபகம் வரும். ஆனால் நிஜம்தான். இலங்கை மஞ்சள் இறக்குமதியை நிறுத்த, அங்கே விலை எகிற, ராமேசுவரம், மண்டபம் கரையில் மூட்டை மூட்டையாகப் பிடித்தார்கள்.

நாமெல்லாம் அதை வேடிக்கைச் செய்தியாகப் படித்துவிட்டுப் போனோம். இலங்கையில் டாலர் தட்டுப்பாடு முற்றிக்கொண்டிருந்ததைக் கவனிக்கவில்லை.

2019 கடைசியில் இலங்கை அரசாங்கத்தார் மதிப்புக் கூட்டு வரியை 15 சதவீதத்திலிருந்து 8 ஆகக் குறைத்து வருமானத்தைக் கெடுத்துக்கொண்டார்கள், அப்புறம் கொரோனா வந்து சுற்றுலா டாலரையும் நிறுத்தியது, பற்றாக்குறைக்கு மத்திய வங்கி ரூபாயை அச்சடித்துக்கொண்டே இருந்தது. 2021-இல் ரசாயன உரத்துக்குத் திடீர்த் தடை வேறு. நம்ம கோபிசெட்டிபாளையத்தில் ஒரு நெல் விவசாயியைக் கேட்டிருந்தால்கூட வேண்டாமுங்க என்றிருப்பார்!

டாலருக்கு 200 இலங்கை ரூபாய் என்று இழுத்துப் பிடித்திருந்ததை 2022 மார்ச்சில் விட்டார்கள். மே மாதத்துக்குள் 360. செப்டம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை ஒட்டி.

எனக்கு மறக்காதது வேறு. காகிதம் இறக்குமதி செய்ய டாலர் இல்லாமல், கொழும்பு இருக்கும் மேல் மாகாணத்தில் பள்ளித் தேர்வையே தள்ளிவைத்தார்கள். பிள்ளைகள் படித்துவிட்டு உட்கார்ந்திருக்க, கேள்வித்தாள் அடிக்கக் காகிதம் இல்லை.

நம்ம நாட்டில் இப்படியெல்லாம் வராது என்பவர்கள் 1991-ஐ ஒருதரம் எடுத்துப் பாருங்கள். கையில் டாலர் வற்றிப்போய், ரிசர்வ் வங்கி சுமார் 47 டன் தங்கத்தை விமானத்தில் ஏற்றி லண்டனுக்கு அனுப்பி அடமானம் வைத்த வருசம் அது.